மன்சூர் ஹோட்டலில் அலிமா பேசியது

அலிமா கடைசியாகக் கேட்டது பாதி எலுமிச்சம்பழம். தாணு கொண்டுவந்து வைத்தான். அவள் அதைத் தன் தட்டில் பிழியாமல் என் தட்டில் பிழிந்தாள். "கொட்டை விழுந்துட்டு, பாத்துத் தின்னுங்க" என்றாள். நான் அந்த விதையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, இந்தக் கடையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட ஒழுங்காக நறுக்கத் தெரிந்த ஆள் இல்லை என்றேன். போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டு ஆகியிருக்கவில்லை. அன்று மாலை அசர் தொழுகைக்குள் அவள் மௌத்தாகிவிட்டாள்.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் இருக்கிறது மன்சூர் ஹோட்டல். மன்சூர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது கல்லாவில் இருப்பது அவர் மகன் ஹுஸைஃபா. ஊரில் யாரும் பெயரைச் சொல்வதில்லை, கட்டைக்கறிக் கடை என்பார்கள். மாட்டுக்கறியை உள்ளங்கை அகலத்துக்கு அரிந்து, மிளகும் பூண்டும் தடவி, புளியமரக் கட்டையால் அடித்துச் சப்பையாக்கி, பரோட்டா போட்டு முடித்த கல்லிலேயே பரப்பி, மேலே ஒரு இரும்புக் கட்டியைத் தூக்கி வைப்பார்கள். வித்தை அவ்வளவுதான். அடித்தால் கறி மெதுவாகிவிடும் என்று மன்சூர் நினைத்தார். கறி அப்படி நினைக்கவில்லை.

இதற்கு நாற்பது வருஷமாகக் கூட்டம். சாரல் விழ ஆரம்பித்ததும் வேன் வேனாக வருவார்கள். காதோரத்தில் எண்ணெய் வழிய, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடுவார்கள். ஒரு மணி நேரம் அருவிக்குக் கீழே நின்று நடுங்கியவனுக்கு எதைக் கொடுத்தாலும் ருசிக்கும். மன்சூர் ஹோட்டல் சமையலால் ஓடவில்லை, மலையில் பெய்கிற மழையால் ஓடுகிறது. இதை மன்சூரிடமே ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார். வியாபாரிக்குச் சொரணை இருந்தால் நாற்பது வருஷம் கடை நடத்த முடியாது.

தாணு மட்டும் விதிவிலக்கு. ஆய்க்குடிக்காரன். முப்பது வருஷமாக அங்கே பரிமாறுகிறான். அவன் வீட்டு வழக்கப்படி மாட்டுக்கறி தின்பதில்லை, ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. அந்தக் கடையில் இருக்கும் ஒரே அறிவாளி.

பிறகு ஏன் போனாய் என்று கேட்கலாம். அலிமாவுக்குப் பிடிக்கும் என்று போனேன். கல்யாணமாகி ஐந்தாவது மாதம் நான் சவூதியில் தம்மாமுக்குக் கப்பல் சரக்குக் கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போனவன். பதினான்கு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். தொண்ணூற்றெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மொத்தமாக வந்த வாரத்தில், "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அன்றைக்கு மழை. ரோட்டில் இந்தக் கடைதான் திறந்திருந்தது. அடுத்த ஞாயிறும் போனோம். அப்படியே இருபத்தாறு வருஷம் போய்விட்டது.

உள்ளே திரை போட்ட ஃபேமிலி ரூம் உண்டு. முதல் நாள் மன்சூர் அங்கே கையைக் காட்டினார். "திரைக்குப் பின்னால இருந்து திங்க நான் என்ன களவாண்டா திங்கேன்?" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்ஹாலில் ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தாள். அதன்பின் அந்த மேசை எங்களுடையதானது. பதினொன்றரைக்குப் போய்விடுவோம், கூட்டம் வருவதற்குள் எழுந்துவிடுவோம்.

அவள் எதிரில் இருப்பாள். நான் பேசுவேன்.

"கறியா இது? செருப்புக் கடையில அளவெடுத்து வெட்டுனது மாதிரி இருக்கு."

"அப்ப ஒங்க நம்பரு பாத்து எடுத்துத் தின்னுங்க."

"வேகவே இல்லயேட்டி."

"போன வாரமும் வேகல. அதுக்கு முந்துன வாரமும் வேகல. நீங்க தின்னு முடிக்கையில வெந்துரும்."

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அளவு. முன்னெல்லாம் இல்லை, கடைசி இரண்டு மூன்று வருஷமாக. தின்னத் தின்னத் தட்டில் குறையாது. வெந்ததைக் குறைத்துப் போட்டாலும் அர்த்தம் உண்டு, வேகாததை ஏன் இப்படி அள்ளிப் போடுகிறான் என்பேன். தாணு தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். அலிமா சால்னாவில் ஊறிய பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "கோட்டிக்காரனுவ, என்ன செய்ய?" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் கேமரா, ஒருவன் கையில் குடை போன்ற வெள்ளை விளக்கு. மூன்றாவது ஆள் முத்துகுமரன். மதுரைக்காரன். 'முத்துவின் மூணு வேளை' என்று யூடியூபில் ஏதோ நடத்துகிறானாம். ஊர் ஊராகப் போய்த் தின்பதும், தின்றதைச் சொல்வதும் தொழில். இதற்கு எட்டு லட்சம் பேர் பார்வையாளர்கள். எட்டு லட்சம் பேருக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஹுஸைஃபா ஓடி வந்தான். "மாமா, இன்னைக்கு ஒருநா மட்டும் ஃபேமிலி ரூம்ல இருந்துக்கிடுங்களேன். வெளிச்சம் இங்கனதான் நல்லாருக்காம்."

"வெளிச்சம் எங்களுக்கும் நல்லாத்தாம்ல இருக்கு" என்றாள் அலிமா. "முள்ளு இல்லாத சாமான்தான, இருட்டுலயும் திங்கலாம். அந்தத் தம்பிய அங்கன போகச் சொல்லு."

முத்துகுமரனுக்கு அது பிடித்துவிட்டது. "அம்மா, நீங்க இருங்கம்மா. சாப்பிட்டு முடிங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்" என்றான்.

எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு, ஸ்கூட்டர் சீட்டில் மழைத் தண்ணீர் நிற்கிறது, துடைக்கிறேன் என்று வெளியே வந்தேன். துடைத்துவிட்டுத் திரும்பினால், ஜன்னல் வழியாகத் தெரிகிறது: சின்ன மைக்கை டார்ச் லைட் பிடிப்பதுபோல் கையில் பிடித்துக்கொண்டு அவள் பேசுகிறாள். நடுவில் என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். தாணு வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகத் திரும்பி நிற்கிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு மழைச்சத்தம் மட்டும்தான்.

ஸ்கூட்டரில் ஏறியதும் கேட்டேன். "என்னட்டி சொன்ன அவன்ட்ட?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன். இந்தச் சாரல்ல வாயத் தொறந்தா தண்ணி போவுது."

வீட்டுக்கு வந்தாள். ஈரச்சேலையை மாற்றினாள், லுஹர் தொழுதாள், "செத்த சாஞ்சி எந்திரிக்கேன்" என்று போய்ப் படுத்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து முந்தின நாள் பேப்பரில் மிச்சம் இருந்ததைப் படித்தேன். அசர் பாங்கு சொன்னதும் எழுப்பப் போனேன்.

மௌத் வீட்டில் மூன்று நாள் அடுப்பு பற்றவைப்பதில்லை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் கொடுத்து விடுவதைத் தின்பது வழக்கம். இரண்டாம் நாள் மன்சூர் ஹோட்டலிலிருந்து ஒரு அண்டா பரோட்டாவும் கட்டைக்கறியும் வந்தது. என் கொழுந்தியாமார்களும் அவர்கள் மாப்பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அலிமா எவ்வளவு பொறுமைசாலி என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அவள் பொறுமைசாலி இல்லை, வாயாடி. நாற்பது வருஷம் இவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒருத்தர் விடாமல் கேலி செய்தவள். அழுதார்கள். கண்ணைத் துடைத்த கையோடு, சால்னா இன்னும் இருக்கிறதா என்று அண்டாவை எட்டிப் பார்த்தார்கள். நான் தின்னவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆறிப்போன கட்டைக்கறியைத் தின்ன எனக்குப் பல் போதாது, அதுதான் காரணம்.

மகள் மிஸ்ரியா ஷார்ஜாவிலிருந்து வந்து நாற்பதாம் நாள் பாத்திஹா வரை இருந்தாள். திரும்பிப் போன வாரம் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். பின்னாலேயே கூப்பிட்டாள்.

"வாப்பா, அந்தக் கடைய எடுத்துருக்கான். உம்மா பேசுனாகன்னு சொன்னியள்ல, இருப்பாகன்னு மூணு வாட்டி பாத்துட்டேன். இல்ல வாப்பா."

பதினான்கு நிமிஷம் ஓடுகிறது அது. முத்துகுமரன் கறியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறான். வெண்ணெய் என்கிறான். நாக்கில் வைத்ததும் கரைகிறது என்கிறான். கரைவது உப்பு மட்டும்தான் என்று எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் எங்கள் மேசை ஓரமாக வருகிறது. அலிமாவின் வலதுகை மட்டும் நான்கு வினாடி தெரிகிறது, பரோட்டாவைப் பிய்க்கிறது. பிறகு அடுப்பைக் காட்டிவிட்டார்கள். பேச்சே இல்லை, மேலே ஒரு தவில் சத்தத்தைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அந்தப் பதினான்கு நிமிஷத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும். அலிமாவின் குரல் எங்கேயும் இல்லை. வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்ப அவளுக்குப் பிடிக்காது, சுவரிடம் பேசுவது போல இருக்கிறது என்பாள். போனில் பேசிய பேச்சு போனிலேயே போய்விட்டது. மக்காவுக்கு உம்ரா போனபோது எடுத்த பாஸ்போர்ட் போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் அவள் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள், யாரோ அவளைப் பேசக்கூடாது என்று மிரட்டியதுபோல.

கேசட் இருந்தது. தம்மாமில் இருந்த காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, கேசட்டில் பேசுவோம். ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து விடுவேன். அவள் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் என் பேச்சின் மேலேயே தன் பேச்சைப் பதிந்து, திரும்பி வருகிற ஆளிடம் கொடுத்து விடுவாள். நான் கேட்டுவிட்டு அவள் பேச்சின் மேல் என் பேச்சைப் பதிவேன். அங்கே என் அறையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஒரே கேசட் ஐந்தாறு வருஷம் கடலைத் தாண்டித் தாண்டி உழைத்தது. கடைசியாகப் பதிந்தது நான். பீரோவில் தேடி எடுத்து, பழைய டேப்ரிக்கார்டர் வைத்திருக்கும் ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்துப் போட்டுக் கேட்டேன். தம்மாம் மெஸ்ஸில் போடுகிற குப்ஸ் ரொட்டியைப் பற்றியும் ஆட்டுக்கறியைப் பற்றியும் நான் அறுபது நிமிஷம் திட்டிக்கொண்டிருக்கிறேன். அறுபது நிமிஷம்! அந்தப் பயலை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் பேச்சுக்கு அடியில் எங்கேயோ அவள் இருக்கிறாள்.

அவள் இறந்தபின் மன்சூர் ஹோட்டலுக்கு நான் முதலில் போனது இதற்காகத்தான். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தேன். நான் கேட்காமலேயே தாணு ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். தட்டைப் பார்த்தேன். ஐந்து துண்டு.

"என்னலே தாணு, ஆளு குறைஞ்சதும் கறியும் குறைஞ்சிட்டா?"

"எப்பவும் அஞ்சுதான் அண்ணாச்சி" என்றான். அதற்கு மேல் நிற்கவில்லை, யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே போய்விட்டான்.

பொய் சொல்லக்கூடக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் இவனுக்கு என்று நினைத்தேன். ஹுஸைஃபாவைக் கூப்பிட்டேன். வீடியோவில் அலிமா பேசியதைக் காணோமே, ஏன் என்று கேட்டேன்.

அவன் முகம் மலர்ந்தது. இதைக் கேட்க மாட்டேனா என்று காத்திருந்தவன் போல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான்தான் மாமா எடுக்கச் சொன்னேன்! ஜனாசா அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே மதுரைக்குப் போன் போட்டுட்டேன். மௌத்தான பொம்பளையாளு மொகத்த ஊரு பூராவும் போன்ல வச்சித் தேய்ச்சிக்கிட்டு இருப்பானா? ஒண்ணு விடாம அழிச்சிரணும், இல்லைன்னா கடையப் போடவே கூடாதுன்னு சண்ட போட்டுல்லா அழிக்க வச்சேன்."

"யாரக் கேட்டுச் செஞ்ச?"

"ஒங்களக் கேக்கணுமா மாமா? மிஸ்ரியாக்கா கல்யாணத்துல வீடியோக்காரன வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்புனது நீங்கதான? வீட்டுப் பொம்பளைய மொகம் அடுத்தவன் பொட்டியில எதுக்குன்னு வாப்பாட்டச் சொன்னிய. எங்க வாப்பா சாவுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருப்பாக. மீரானப் போல ஒரு ஆளு உண்டாம்பாக."

அவன் நன்றியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். இந்தக் கடையில் இதுவரை யாரும் எனக்கு எதையும் முழுதாகச் செய்து கொடுத்ததில்லை. கறியை வேகவைக்கத் தெரியாது, எலுமிச்சம்பழம் நறுக்கத் தெரியாது. இதை மட்டும் ஒரு குறை இல்லாமல் செய்திருக்கிறான். என் பேச்சை எடுத்து அவள் பேச்சின் மேல் பதிந்திருக்கிறான்.

"நல்ல காரியம் செஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து தாணுவைப் பிடித்தேன். அன்றைக்கு அக்கா என்னதான் சொன்னாள் என்று கேட்டேன். "சும்மா சிரிச்சிப் பேசுனாக அண்ணாச்சி" என்றான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதாது. என்ன சொன்னாள் என்பது பாதிதான். அவள் அதைச் சொல்கிற சத்தம் எனக்கு வேண்டும்.

முத்துகுமரனைப் போனில் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அவனுக்கு மேனேஜர் என்று ஒரு பெண் இருக்கிறாள். தின்பதற்கு ஒரு மேனேஜர். கடைசியில் அவனே கூப்பிட்டு, அடுத்த வாரம் ஐந்தருவியில் பழக்கடைகளை எடுக்க வருகிறேன், அங்கே வாருங்கள் சார் என்றான்.

போனேன். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்த ஒரு கடை முன்னால், ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டு, கண்ணை மூடி, திறந்து, சரியில்லை என்று துப்பி, மறுபடி ஒரு பழத்தை உரித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான்காவது தடவைதான் அவனுக்கு ருசித்தது. பிறகு என்னிடம் வந்தான்.

"வீடியோ போயிடுச்சு சார். கார்டை அழிச்சாச்சு, அந்தக் கடைக்கார பாய் ரொம்பக் கோபப்பட்டார். ஆனா அம்மா கையில பிடிச்சிருந்தாங்கல்ல, அந்த மைக்லயே தனியா ஒரு மெமரி உண்டு. அதைத் தேடிப் பாத்தேன். வாய்ஸ் மட்டும் இருக்கு சார்."

நான் அவன் கையிலிருந்த போனை நோக்கிக் கையை நீட்டினேன்.

"நீங்க எடுத்துக்கோங்க சார், கண்டிஷன் எல்லாம் ஒண்ணும் கிடையாது." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ஒரே ஒரு ரிக்வெஸ்ட். அதே கடை, அதே மேசை, நீங்க தனியா உக்காந்து சாப்பிடணும். முதல் தடவையா ஹெட்ஃபோன்ல அம்மா குரலைக் கேக்குறீங்க. அந்த நேரத்துல உங்க முகத்தை மட்டும் எடுத்துக்குறேன். ரொம்ப டச்சிங்கா இருக்கும் சார்."

"டச்சிங்கா இருக்கும்" என்றேன் நானும். அவனுக்குக் கேலி புரியவில்லை. கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை. கண்ணில் ஈரம்கூட இருந்தது. எதிரில் நிற்கிற மனுஷனின் துக்கம் எத்தனை நிமிஷம் நீளும் என்று கணக்குப் பார்க்கிற ஈரம்.

என் மகள் கல்யாணத்தில் வீடியோக்காரனை வாசலில் நிறுத்தியவன் நான். அந்தக் கௌரவமெல்லாம் ரம்புட்டான் கடை முன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. சாப்பிடுகிறேன், பேசுகிறேன், எடுத்துக்கொள். ஆனால் குரலை நான் முதலில் தனியாகக் கேட்பேன், அதில் கேமரா கிடையாது என்றேன். அவன் முகம் வாடியது. ஒப்புக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு பதினொன்றரைக்கு மன்சூர் ஹோட்டல். முத்துகுமரன் தன் போனையும் ஹெட்ஃபோனையும் கொடுத்தான். நான் ஃபேமிலி ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் தட்டுகள் உரசுகிற சத்தம். கட்டை அடிக்கிற சத்தம். பிறகு முத்துகுமரன்: "அம்மா, எத்தனை வருஷமா இந்தக் கடைக்கு வர்றீங்க?"

பிறகு அவள்.

"நான் வாரது கெடக்கட்டும். அந்தா வெளிய ஸ்கூட்டரத் தொடச்சிக்கிட்டு நிக்காகல்லா, அவுகளக் கேளுங்க. இருவத்தாறு வருசமா கறி வேகலைன்னு சொல்லுதாக. இருவத்தாறு வருசமா தட்டுல ஒரு துணுக்கு மிச்சம் வைக்கல."

சிரிப்பு.

"ஒங்களுக்குக் கறி பிடிக்குமாம்மா?"

"எனக்குக் கடவாப்பல்லு ரெண்டு பக்கமும் போயி மூணு வருசமாச்சி தம்பி. நான் எங்க கறி திங்க? அவுக இந்தக் கடையத் திட்டுததுக்குன்னு தலையத் தூக்குவாகல்லா, அந்நேரம் பாத்து என் தட்டுல உள்ளத அவுக தட்டுல தள்ளிருவேன். பேச்சு மும்முரத்துல ஒண்ணும் தெரியாது. என்னட்டி இம்புட்டுப் போடுதான்னு அதுக்கும் சேத்துத் திட்டிக்கிட்டே தின்னுருவாக. தாணுவுக்குத் தெரியும். ஏல தாணு, சொல்லிராத!"

தாணு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். "சொல்லியிருந்தா வேற ஏதாவது வாங்கிக் குடுத்திருப்பாரேம்மா?" என்கிறான் முத்துகுமரன்.

"சொன்னா கூட்டிட்டு வரமாட்டாகய்யா. வீட்டுல கஞ்சி வச்சிக் குடிப்போம்பாக. பதினாலு வருசம் வெளிநாட்டுல ஒத்தையில இருந்து தின்ன மனுசன். எதுக்க ஒரு ஆள இருத்தி வச்சித் திட்டிக்கிட்டே திங்கது இப்பத்தான் வாய்ச்சிருக்கு. அதப் போய் நான் கெடுக்கவா? சரி, சாரல் கூடுது, ஆள விடுங்க. இந்த டார்ச்ச எங்க வைக்க?"

அவ்வளவுதான். மேசையில் மைக்கை வைக்கிற சத்தத்தோடு நின்றுவிடுகிறது.

மூன்று வருஷம். வாரம் ஒரு தட்டு. எட்டு லட்சம் பேருக்கு வேலை இல்லை என்று சொன்னவன், எதிர்த்தட்டில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் பார்க்கவில்லை. இந்தக் கடையில் என்னைவிட மட்டமான ஒன்றும் பரிமாறப்பட்டதில்லை.

திரையை விலக்கினேன். தாணு அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"மூணு வருசமா தெரியும், இல்ல?"

"அக்கா சொல்லக் கூடாதுன்னாக அண்ணாச்சி."

"அவ போன பிறகுமா?"

"போன பிறகு சொல்லலாம்னு சொல்லலியே" என்றான்.

ஜன்னலோர மேசைக்கு வந்தேன். விளக்குப் பிடிக்கிற பயல் எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டில் கறியும் பரோட்டாவும் வைத்து, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவையும் வைத்திருந்தான்.

"எடுலே அத" என்றேன்.

முத்துகுமரன், "சார், விஷுவலா..." என்று ஆரம்பித்தான். தாணு குறுக்கே வந்து, தட்டையும் பூவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கேமரா ஓடியது. என் தட்டில் ஐந்து துண்டு. "சொல்லுங்க சார், அம்மாவோட இத்தனை வருஷம் சாப்பிட்ட கறி, எப்படி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான் முத்துகுமரன். நான் அழுவேன் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். நான் சொன்னேன். கறி வேகவில்லை என்று சொன்னேன். உப்பைக் கையால் போடாமல் மண்வெட்டியால் போடுகிறார்கள் என்று சொன்னேன். பரோட்டாவைப் பிய்க்க ஆசாரியைக் கூப்பிட வேண்டும், இதை வெண்ணெய் என்று சொன்னவன் வெண்ணெயை வாழ்நாளில் பார்க்காதவன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். எட்டு நிமிஷத்தில் ஐந்து துண்டும் தீர்ந்துவிட்டது. எனக்குப் பசி அடங்கவில்லை.

முத்துகுமரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், குரலை என் போனுக்கு அனுப்பினான். அதற்காக அவன்மேல் மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. 'மனைவி நினைவாகக் கறியைத் திட்டும் தாத்தா' என்று பெயர் வைத்துப் போட்டான். முதல் வீடியோவைவிட இரண்டு மடங்கு பேர் பார்த்தார்களாம். இந்தச் சீசனில் சின்னப் பையன்கள் பைக்கில் வந்து இறங்கி, "தாத்தா திட்டுன கறி ரெண்டு பிளேட்" என்று கேட்கிறார்கள். ஹுஸைஃபா ஃபேமிலி ரூமை இடித்து முன்ஹாலோடு சேர்த்துவிட்டான். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான். வேகாத கறி நல்ல கறி என்று ஊரை நம்பவைத்தது கடைசியில் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் போகிறேன். தாணு தட்டை வைப்பான், தின்பேன், வந்துவிடுவேன். திட்டுவதில்லை.

மிஸ்ரியாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவள் அதைத் தன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாளாம். நான் தினம் காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து போனில் போட்டுக் கேட்கிறேன். பக்கத்தில் எதையும் பதிகிற பொத்தான் இருந்தால் விரலைத் தள்ளியே வைத்துக்கொள்கிறேன். ஒரு நிமிடம் ஐம்பத்தோரு வினாடி. இன்று காலையிலும் அவ்வளவுதான் இருந்தது.